கோழி எருவும் கிணற்று நீரும்

கமக்காரர்களே,

கோழி எரு மாட்டெருவிலும் நைதரசன் மிகுந்தது. விரைவிற் பயன் தருவது. ஆயின், காலமும் அளவும் அறியாது இட்டால் அப்பயன் பயிருக்குக் கிட்டாது. குடிநீருக்குக் கேடாகவும் முடியும்.

கோழி எச்சத்திலுள்ள யூரிக்கமிலம் மண்ணிலுள்ள பற்றீரியங்களால் முதலில் அமோனியாவாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாறுகின்றது. நைத்திரேற்று நீரில் எளிதிற் கரையும். மண் துணிக்கைகள் அதனைப் பற்றி வைப்பதில்லை. வேர்கள் உறிஞ்சாது விட்ட மிகுதி நீரோடு கீழிறங்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டிற் செம்மண்ணின் கீழே வெடிப்புகள் நிறைந்த சுண்ணக்கல் இருப்பதால், அது விரைவிற் கிணற்றைச் சேர்கின்றது.

குடிநீரில் இலீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேல் இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். இதனை மிஞ்சிய நீரிற் கரைத்த பால்மா, கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைக் கொண்டு செல்லும் ஆற்றலைக் குறைக்கக்கூடும். நீரைக் கொதிக்க வைப்பதால் நைத்திரேற்று நீங்காது.

ஆகவே பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுங்கள்:

1. வடகீழ்ப் பருவப் பெயர்ச்சி மழைக்கு முன், பயிரில்லாத வெறுநிலத்தில் எருவைப் பரப்பாதீர்கள்.

2. நன்கு மக்கிய எருவையே நடுகைக்குச் சற்று முன்னர் இட்டு, அன்றே மண்ணுடன் கலந்துவிடுங்கள்.

3. இட்ட எருவின் அளவுக்கேற்ப யூரியாவைக் குறையுங்கள்.

4. எருக் குவியலைக் கிணற்றுக்குத் தொலைவில், நீர் கசியாத தளத்தில், கூரையின் கீழ் வையுங்கள்.

5. தேவைக்கு மேல் நீர் இறைக்காதீர்கள். மிகையான இறைப்பும் பசளையைக் கீழே கழுவிச் செல்லும்.

உங்கள் பயிருக்கு ஏற்ற அளவை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியுங்கள். தோட்டத்துக்கு இட்ட எரு பயிரிற் சேரட்டும். கிணற்றிற் சேர வேண்டாம்.