முடி சொல்லும் சாட்சி

ஆர்.கே.புரம் என்றவுடன் தில்லித் தமிழருக்கு முதலில் நினைவுக்கு வருவது குன்றின்மேல் விளங்கும் உத்தர சுவாமிமலை முருகன் கோயில். அடுத்து நினைவுக்கு வருவது நம் தமிழ்ப் பள்ளி. அதே ஆர்.கே.புரத்தில்தான் போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகத்தின் தலைமை அலுவலகமும் இருக்கிறது. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி, 1986 மார்ச்சு 17-இல் தோன்றியது இப்பணியகம். போதைப்பொருள் வழக்கு ஒன்று நாட்டில் பரபரப்பாகும்போது, "முடி மாதிரி சோதனைக்கு அனுப்பப்பட்டது" என்னும் வரியையும் சில வேளைகளில் செய்தித்தாளில் படிக்கிறோம்.

இதுபற்றி விடுதியில் பேச்சு எழுந்தால் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வர். "ஒருமுறை தொட்டாலும் போதும், முடி காட்டிக் கொடுத்துவிடும்" என்பார் ஒருவர். "மொட்டை போட்டால் தீர்ந்தது" என்பார் மற்றொருவர். "சோதனையில் வந்துவிட்டதா? அப்படியானால் குற்றவாளிதான்" என்று தீர்ப்பே எழுதிவிடுவார் மூன்றாமவர். மூன்றும் பிழையான கருத்துகள். ஆனால் மூன்றாவது கருத்து ஒரு மனிதனின் வாழ்வையே கெடுக்க வல்லது. ஆகவே இச்சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை மாணவ நண்பர்கள் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

முடி பதிவேடாவது எங்ஙனம்?

நம் கண்ணுக்குத் தெரியும் முடி உயிரற்றது. உயிருள்ள பகுதி தோலுக்குள் இருக்கும் மயிர்க்காலே. அதைச் சுற்றி நுண்ணிய இரத்தக் குழாய்கள் உள்ளன. ஒருவர் உட்கொண்ட பொருள் இரத்தத்தில் கலந்து மயிர்க்காலை அடைகிறது. அங்கே உருவாகிக்கொண்டிருக்கும் இழைக்குள் அதில் மிகச் சிறு பங்கு சிக்கிக்கொள்கிறது. இழை வளர்ந்து வெளியே வரும்போது அதுவும் உடன் வருகிறது. வியர்வையும் தோலின் எண்ணெய்ப் பசையும் கூட இப்பொருள்களை முடிக்குக் கொண்டு சேர்க்கும். புகை, தூசி, கைபட்ட அழுக்கு ஆகியவை வெளியிலிருந்தும் சேர்க்கும். இந்த மூன்று வழிகளையும் நினைவில் வைக்க வேண்டும். பின்னர் வரும் வாதங்களுக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது.

தலைமுடி மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. எனவே தோலை ஒட்டி வெட்டிய ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் முடி, சுமார் மூன்று மாத வரலாற்றைத் தாங்கியிருக்கும் என்பது கணக்கு. சிறுநீரில் பெரும்பாலான பொருள்கள் சில நாட்களில் மறைந்துவிடும்; நாள்தோறும் கஞ்சா புகைத்தவரிடம் மட்டும் சில வாரங்கள் நீடிக்கலாம். முடியோ மாதக் கணக்கில் வைத்திருக்கும். அதன் தனிச் சிறப்பு இதுவே.

ஆயினும் முடியை நாளும் கிழமையும் பொறித்த கல்வெட்டாகக் கருதலாகாது. ஆற்றில் படியும் வண்டலைப் போன்றது அது. எல்லா இழைகளும் ஒரே சமயத்தில் வளர்வதில்லை. நூற்றில் 85 முதல் 90 வரை வளரும் பருவத்தில் இருக்கும். எஞ்சியவை வளர்ச்சி நின்று ஓய்வில் இருக்கும். ஆகவே, "இன்ன மாதத்தில் இருக்கலாம்" என்று சொல்லலாமே தவிர, "இன்ன தேதியில்" என்று சொல்ல இயலாது.

சோதனைக்கூடத்தில் நடப்பது என்ன?

முடியில் மார்ஃபின் இருப்பதைக் கதிரியக்க முறையால் கண்டறிந்து அமெரிக்காவில் பாம்கார்ட்னர் என்பவரும் அவர் குழுவினரும் 1979-இல் வெளியிட்டனர். அதன் பின்னரே இத்துறை விரைந்து வளர்ந்தது. இன்றைய முறை வருமாறு:

முதலாவது, மாதிரி எடுத்தல். தலையின் பின்பக்கத்து உச்சிப் பகுதியில், பென்சில் பருமனுள்ள ஒரு கற்றையைத் தோலை ஒட்டிக் கத்தரிப்பர். பிடுங்குவதில்லை. வேர்ப்பக்கம் எது, நுனிப்பக்கம் எது என்று குறித்து, முத்திரையிட்டு அனுப்புவர்.

இரண்டாவது, கழுவுதல். புறத்தே ஒட்டிய மாசு நீங்குமாறு கரைப்பான்களில் முடியை அலசுவர். அலசிய நீர்மத்தையும் எறியாமல் சோதிப்பது நன்முறை. முடியில் கண்ட பொருள் உள்ளிருந்து வந்ததா, வெளியிலிருந்து வந்ததா என்று ஆராய அது உதவும்.

மூன்றாவது, பிரித்தெடுத்தல். முடியை நறுக்கி அல்லது பொடியாக்கி, கரைப்பானிலோ காரத்திலோ ஊறவைத்து, உள்ளே சிக்கிய பொருளை வெளிக்கொணர்வர்.

நான்காவது, முதற்கட்டச் சோதனை. நோய் எதிர்ப்பொருள் கொண்டு செய்யும் இது விரைவானது, செலவு குறைந்தது. ஆனால் ஒத்த வடிவமுள்ள வேறு பொருளைக் கண்டும் ஏமாறக்கூடியது. சலித்தெடுக்கும் சல்லடை மட்டுமே இது.

ஐந்தாவது, உறுதிச் சோதனை. நிறப்பிரிகைக் கருவியும் நிறை நிரலளவிக் கருவியும் இணைந்து, மூலக்கூறு இன்னதே என்று அடையாளம் காட்டும். இது நடக்காதவரை "உண்டு" என்ற சொல்லுக்கு மதிப்பில்லை.

இங்கே அளவு எவ்வளவு நுண்ணியது என்று பாருங்கள். கொக்கெயினுக்கு முடிச் சோதனை வல்லுநர்கள் வகுத்த எல்லை, ஒரு மில்லிகிராம் முடிக்கு 0.5 நானோகிராம். நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு நுட்பமான வேலையில் கை சற்றுத் தவறினாலும் முடிவு தவறும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

தவறான எண்ணங்கள் சில

"ஒருமுறை தொட்டாலும் காட்டும்." அப்படியன்று. அடிக்கடி பயன்படுத்தியதைக் காட்டுவதிலேயே இச்சோதனை வலிமை வாய்ந்தது. ஒரே ஒரு முறை என்பது பெரும்பாலும் தப்பிவிடும். கஞ்சாவில் இது இன்னும் மிகுதி. ஆகையால் "இல்லை" என்ற முடிவும் முழு நற்சான்று அன்று.

"நேற்று நடந்ததை இன்று காட்டும்." காட்டாது. பொருள் சிக்கிய முடி தோலுக்கு மேலே வரவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அண்மைச் செய்திக்கு இரத்தமும் சிறுநீரும் உமிழ்நீருமே சாட்சிகள்.

"மொட்டை போட்டால் தப்பலாம், சீயக்காய் தேய்த்தால் போய்விடும்." தலையில் முடி இல்லையேல் உடலின் வேறிடத்து முடியை எடுப்பர். அம்முடி மெதுவாக வளர்ந்து நெடுநாள் ஓய்வில் கிடப்பதால், அதில் காலக்கணக்கு இன்னும் மங்கலாகும். பழனிக்கு நேர்ந்துகொண்டு மொட்டை போட்டவரும் இந்த மங்கலான கணக்குக்கு ஆளாகலாம். அன்றாடக் குளியல் உள்ளே சிக்கியதை முற்றும் அகற்றுவதில்லை. சாயமும் வெளுப்பு மருந்தும் அளவைக் குறைக்கும். ஆனால் துடைத்து அழிப்பதில்லை. முடியின் நிலையும் ஆய்வாளர் கண்ணில் படும்.

"பக்கத்து அறைப் புகையால் நானும் மாட்டிக்கொள்வேன்." இதில் ஓரளவு உண்மை உண்டு. கஞ்சாவின் மயக்கப்பொருள் புகை வழியாக முடியில் படியக்கூடும். அதனால்தான், உடலுக்குள் சென்று மாறிய சிதைபொருளைத் தேடுகின்றனர். அது மிகமிகக் குறைவாகவே முடியில் சேரும். எனினும் புகைத்தவருடைய கையின் வியர்வை வழியாக இச்சிதைபொருளும் பிறர் முடிக்குச் செல்லக்கூடும் என்று ஜெர்மானிய ஆய்வாளர் 2015-இல் காட்டினர். ஆகவே முடியில் கஞ்சாப்பொருள் கண்டதனால் மட்டும் அவர் உட்கொண்டார் என்று உறுதி கூற இயலாது.

"கசகசா சாப்பிட்டால் ஹெராயின் என்று வரும்." கசகசாவில் மார்ஃபின் சிறிதளவு ஒட்டியிருப்பது மெய். சிறுநீர்ச் சோதனையில் அது சிக்கல் தந்ததும் உண்டு. ஆனால் ஹெராயினுக்கே உரிய இடைநிலைச் சிதைபொருள் ஒன்று உண்டு. கசகசாவால் அது வாராது. அதைத் தேடிப் பார்ப்பதே முறை. அவ்வாறே, மருத்துவர் எழுதித் தந்த கோடீன் கலந்த இருமல் மருந்தை உண்டவர், மருந்துச் சீட்டைக் காட்டித் தம் நிலையை விளக்க இடம் இருத்தல் வேண்டும்.

"எவ்வளவு உண்டார், அடிமையா அல்லவா என்று சொல்லும்." சொல்லாது. ஒரே அளவை உண்ட இருவரின் முடியில் இருவேறு அளவு இருக்கலாம். முடியின் கருமைக்குக் காரணமான மெலனின், கொக்கெயின் போன்ற காரப் பொருள்களை மிகுதியாகப் பற்றிக்கொள்ளும். கருமுடி படைத்த நமக்கு இது வெறும் பாடம் அன்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் காவல்துறையில் முடிச் சோதனையால் வேலை இழந்த கறுப்பின அதிகாரிகள் பல்லாண்டு வழக்காடினர். பத்து அதிகாரிகளின் முறையீட்டை ஆராய்ந்த மாசசூசெட்ஸ் மாநிலக் குடிமைப்பணி ஆணையம், முடிச் சோதனை ஒன்றை மட்டும் நம்பி வேலைநீக்கம் செய்தல் தகாது என்று கண்டு, 2013-இல் அவர்களுள் அறுவரை மீண்டும் பணியில் அமர்த்தியது.

"பாங்கும் கஞ்சாவும் வேறென்று சோதனை சொல்லிவிடும்." வடநாட்டில் ஹோலி நாளில் பாங்கு அருந்துவதைக் காண்கிறோம். 1985-ஆம் ஆண்டுச் சட்டம் கஞ்சா என்பதற்குப் பூந்தலையையே பொருளாகக் கொள்கிறது. தனி இலையைக் கொள்ளவில்லை. முடிக்கோ இந்த வேறுபாடு தெரியாது. இரண்டிலும் உள்ள மயக்கப்பொருள் ஒன்றே.

சட்டம் என்ன சொல்கிறது?

கைரேகை முதலிய உடற்சான்றுகளைத் தருவது தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்வதாகாது என்று உச்சநீதிமன்றம் 1961-இல் காத்தி காலு ஓகத் வழக்கில் தீர்ப்பளித்தது. 2005-இல் திருத்தப்பட்ட குற்றவியல் நடைமுறைச் சட்டம், கைதானவரிடம் மருத்துவர் நடத்தும் பரிசோதனையில் முடி மாதிரியையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்திலும் இதற்கு இடமுண்டு. ஆனால் கைதாகாமல் விசாரணைக்கு மட்டும் அழைக்கப்பட்டவர் நிலை வேறு. தெலுங்குத் திரையுலகினர் பலர் விசாரிக்கப்பட்ட 2017-ஆம் ஆண்டில், இசைவு இல்லாமல் இரத்தம், முடி, நகம் எடுத்தல் கூடாது என்று ஐதராபாத் உயர்நீதிமன்றம் கூறியது.

காலத்தாழ்வும் ஒரு செய்தி. பெங்களூரில் 2020-இல் கன்னடத் திரையுலகைச் சார்ந்த சிலரிடம் எடுத்த முடி ஐதராபாத்திலுள்ள மத்தியத் தடய அறிவியல் ஆய்வகத்துக்குச் சென்றது. அறிக்கை 2021 ஆகஸ்டில்தான் வெளிவந்தது. முடி காத்திருக்கும், மனிதன் பெயரோ அதுவரை நாளிதழ்களில் அடிபட்டுக்கொண்டே இருக்கும்.

டொராண்டோ தந்த பாடம்

தமிழர் பெருந்தொகையாக வாழும் கனடாவின் டொராண்டோ நகரில், புகழ்பெற்ற குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் மதரிஸ்க் என்னும் சோதனைக்கூடம் இயங்கிவந்தது. பெற்றோர் போதைப்பொருளோ மதுவோ பயன்படுத்தினரா என்று அவர்தம் முடியை ஆராய்ந்து அது அறிக்கை தரும். அந்த அறிக்கையைக் கொண்டு, குழந்தையை வீட்டில் விடுவதா, பிரித்தெடுப்பதா என்று முடிவு செய்வர். 2005 முதல் 2015 வரை 16,000-க்கு மேற்பட்டோர் முடி அங்கே சோதிக்கப்பட்டது.

நீதிமன்றம் ஒன்றில் ஐயம் எழுந்தபின், ஒன்டாரியோ அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சூசன் லாங் என்பாரை ஆராயப் பணித்தது. 2015 டிசம்பரில் அவர் அளித்த அறிக்கை, அச்சோதனைகள் போதாதவை, நம்பத்தகாதவை என்று கூறியது. 2010 வரை பெரும்பாலும் முதற்கட்டச் சோதனையின் முடிவே உறுதிச் சோதனையின்றி இறுதியாகக் கொள்ளப்பட்டிருந்தது. சல்லடையையே தராசாகக் கொண்டுவிட்டனர்! கூடம் மூடப்பட்டது. பின்னர் ஜூடித் பீமன் தலைமையில் அமைந்த ஆணையம் 1,271 வழக்குகளைப் புரட்டிப் பார்த்து, 56 வழக்குகளில் அச்சோதனை தீர்ப்பைப் பெரிதும் பாதித்தது என்று 2018-இல் தெரிவித்தது. அதற்குள் குழந்தைகள் பலர் வேறு குடும்பங்களில் வளர்ந்துவிட்டனர். திரும்பி வந்தவர் ஒரு சிலரே. போன ஆண்டுகளை எந்த ஆணையம் திருப்பித் தரும்?

இதனால் முடிச் சோதனை பொய் என்று கொள்ளுதல் தவறு. முறைப்படி கழுவி, உறுதி செய்து, பிற சான்றுகளோடு வைத்துப் பார்த்தால் அது நல்ல துணை. பொருள் இருப்பது வேறு, அதற்கு நாம் கற்பிக்கும் காரணம் வேறு என்பதே கருத்து. நெப்போலியன் முடியில் ஆர்செனிக் மிகுதி என்று 1961-இல் கண்டவுடன், நஞ்சிட்டுக் கொன்றனர் என்ற பேச்சுப் பரவியது. 2008-இல் இத்தாலிய இயற்பியலார் அவருடைய சிறுவயது முடியையும், அவர் மனைவி ஜோசஃபின் முடியையும் சோதித்தபோது, அவற்றிலும் ஆர்செனிக் அவ்வாறே மிகுந்திருந்தது. அக்காலத்துச் சுற்றுப்புறமே அத்தகையது போலும்!

நாம் கேட்க வேண்டியவை

எவரைப்பற்றியேனும் இத்தகைய அறிக்கை வந்தது எனக் கேட்டால் ஐந்து கேள்விகளை எழுப்புவோம். மாதிரியை எடுத்தவர் யார், இசைவோடு எடுத்தாரா? கழுவிய நீர்மம் சோதிக்கப்பட்டதா? உறுதிச் சோதனை நடந்ததா? சிதைபொருள் கண்டதா? முடியைத் தவிர வேறு சான்று உண்டா? இவற்றுக்கு விடை வருமுன் ஒருவனைக் குற்றவாளி என்று விடுதியில் கூடித் தீர்ப்பளித்தல் படித்தவர்க்கு அழகன்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நண்பன் ஒருவன் இப்பழக்கத்தில் சிக்கியிருந்தால், சோதனையை ஏய்க்கும் வழி தேடித் தருவது நட்பாகாது. தன்னிச்சையாக முன்வந்து, அரசு ஏற்ற மருத்துவமனையில் சிகிச்சையை முழுமையாக முடிப்பவருக்கு, உட்கொண்ட குற்றத்துக்கான வழக்கிலிருந்து விலக்குப் பெற அதே சட்டத்தின் 64-ஏ பிரிவு வழி செய்கிறது. காசியாபாத்தில் எய்ம்ஸ் நடத்தும் சிகிச்சை மையம் நமக்குத் தொலைவில் இல்லை. 14446 என்ற எண்ணில் அறிவுரை கேட்கலாம். முடி சாட்சி சொல்லும்வரை காத்திராமல், அவன் கையைப் பிடித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே நம் கடமை.