கரண்ட் போச்சு, கணக்கும் போச்சா?



நம் குழுக்களின் சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் கூட்டமைப்பு அலுவலகக் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. பதிவு போட்டுக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போகிறது. திரும்ப ஆன் பண்ணினால் கறுப்புத் திரையில் என்னென்னவோ எழுத்து ஓடுகிறது. பதற வேண்டாம். உள்ளே என்ன நடந்தது என்று முதலில் பார்ப்போம்.

கூட்டத்தில் பணம் வாங்கியதும் ஊக்குநர் ரொக்கப் புத்தகத்தில் எழுதுகிறார். பிறகு பேரேட்டில் ஏற்றுகிறார். நடுவில் விளக்கு அணைந்தால் ஒன்றில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. டிஸ்க்கிலும் இதே கதைதான். நாம் அடித்த கணக்கு ஓரிடத்தில் இருக்கும். அது எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை வேறிடத்தில் இருக்கும். பாதியில் நின்றால் இரண்டும் ஒத்துப்போகாது.

இதற்காகத்தான் விண்டோஸில் 1993 முதல் உள்ள என்.டி.எஃப்.எஸ். முறை, அட்டவணையை மாற்றும் முன்பே 'இதைச் செய்யப்போகிறேன்' என்று தனியாகக் குறித்து வைக்கிறது. கரண்ட் வந்ததும் அந்தக் குறிப்பைப் பார்த்து, விட்ட வேலையை முடிக்கும் அல்லது ரத்து செய்யும். ஆனால் ஒன்று: அது காப்பாற்றுவது அட்டவணையைத்தான். நாம் கடைசியாக அடித்த தொகைக்கு அது பொறுப்பில்லை. பென் டிரைவில் பெரும்பாலும் இந்தக் குறிப்பு வசதியே கிடையாது. அதனால்தான் அது சீக்கிரம் கெடுகிறது.

ஆன் பண்ணும்போது 'டிஸ்க்கைச் சோதிக்கிறேன், வேண்டாமென்றால் ஏதாவது ஒரு கீயை அழுத்து' என்று ஆங்கிலத்தில் வரும். அவசரத்தில் அழுத்திவிடாதீர்கள், ஓட விடுங்கள். தானாக வராவிட்டாலும் கம்ப்யூட்டர் திறந்துவிட்டால், முதல் வேலை கணக்கு ஃபைலை வேறொரு பென் டிரைவில் காப்பி எடுப்பது. பிறகுதான் ரிப்பேர். 'திஸ் பிசி'யில் அந்த டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து, 'ப்ராப்பர்டீஸ்', 'டூல்ஸ்', 'செக்' என்று போங்கள். பிழை இருந்தால் 'ரிப்பேர்' கேட்கும். சில சமயம் ரீஸ்டார்ட் செய்யச் சொல்லும். பெரிய டிஸ்க் என்றால் மணிக்கணக்கில் ஓடலாம். நடுவில் மறுபடி கரண்ட் போனால் சிக்கல் கூடும். ஆகவே கரண்ட் நிலையாக இருக்கும் நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். சின்ன யு.பி.எஸ். சில நிமிடம்தான் தாங்கும். அது சேவ் செய்து அணைக்கத்தான், ரிப்பேர் முடிக்க அல்ல.

பென் டிரைவைச் செருகியதும் 'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்டால் 'வேண்டாம்' என்றே சொல்லுங்கள். சில கடைகளிலும் முதலில் கேட்பது இதைத்தான்! டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் ரிப்பேரும் ஓட்டக்கூடாது. அது பொருளே பழுது. அணைத்துவிட்டு, விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

எக்செலில் வேலை செய்திருந்தால் திறந்ததும் இடப்பக்கம் மீட்ட ஃபைல் காட்டும். 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான் அது தானாகக் குறித்து வைக்கும் என்பதால், நடுவில் அடித்தது இருக்காது.

ரிப்பேர் 'முடிந்தது' என்று வந்தாலும் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. அன்றைய ரசீதுக் கட்டை எடுத்து ஒருத்தர் வாசிக்க, இன்னொருத்தர் திரையில் பார்த்துக்கொண்டே வரட்டும். விட்டுப்போன தவணை எந்த அக்காவுடையது என்று அதில்தான் தெரியும்.