அரியணையைப் பார்த்து வாசி

அரியலூர்

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. திருவெளிப்பாடு நூலைப் படிக்கத் தொடங்கியிருப்பதாகவும், அதிலுள்ள விண்ணகக் காட்சிகளை வரிசைப்படுத்தி எது எப்போது நடக்கும் என்று அட்டவணை போடப் போவதாகவும் எழுதியிருந்தாய். தாராளமாகப் படி. அட்டவணையை மட்டும் விட்டுவிடு. விவிலியத்தில் விண்ணகம் திறக்கும் இடங்களில் பெரும்பாலும் நாம் முதலில் பார்ப்பது ஓர் அரியணையையும் அதன் முன் நடக்கும் வழிபாட்டையும்தான். நீ யார் முன்னால் தலை வணங்குகிறாய் என்று கேட்பதற்காகவே அந்தக் காட்சிகள் எழுதப்பட்டன.

எந்தச் சூழலில் அவை எழுந்தன என்று பார். எசாயா ஆண்டவரை அரியணையில் கண்டது உசியா அரசன் இறந்த ஆண்டில். ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆட்சி செய்தவன் போய்விட்டான், அசீரியா எழுந்து வருகிறது. அந்த நேரத்தில்தான் காலியாகாத இன்னோர் அரியணை தெரிகிறது. எசேக்கியேல் கோவிலைப் பிரிந்து, பாபிலோனில் கெபார் ஆற்றங்கரையில் அகதியாக இருக்கிறார்; அவர் கண்ட அரியணைக்குக் கீழே சக்கரங்கள் சுழல்கின்றன. எருசலேமை விட்டு நகர மாட்டார் என்று நினைத்த கடவுள், நாடு கடத்தப்பட்டவர்களிடம் வந்துவிட்டார் என்பதே அதன் செய்தி. திருவெளிப்பாட்டை எழுதிய யோவான் பத்மு தீவில் இருந்தது தொமீத்தியன் பேரரசனாக இருந்த காலத்தில், ஏறத்தாழ கி.பி. 95இல் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அவருடைய நான்காம் அதிகாரத்தில் இருபத்து நான்கு மூப்பர்கள் தங்கள் பொன்முடிகளைக் கழற்றி அரியணை முன் வைக்கிறார்கள். நமக்கு அது பக்தியான ஒரு செய்கை, அவ்வளவுதான். அன்றைய வாசகருக்கு அப்படி இல்லை. ஆர்மீனிய அரசன் திரிதாத்து தன் முடியைக் கழற்றி நீரோவின் சிலை முன் வைத்ததை ரோமை வரலாற்றாசிரியர் தாசித்து எழுதி வைத்திருக்கிறார். கி.பி. 112 வாக்கில் பித்தினியாவின் ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர் என்று பிடிபட்டவர்களைப் பேரரசனின் உருவத்துக்குத் தூபமும் திராட்சை மதுவும் படைக்கச் சொல்லிச் சோதித்ததாகத் தானே கடிதம் எழுதினார். அந்த மரியாதை முழுவதையும் யோவான் எடுத்து வேறோர் அரியணைக்குக் கொடுத்துவிட்டார். ஐந்தாம் அதிகாரத்தில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். சிங்கம் வென்றது என்று காதில் விழுகிறது. திரும்பிப் பார்த்தால் நிற்பது கொல்லப்பட்ட ஆட்டுக்குட்டி. வெற்றி என்றால் என்ன என்பதையே அந்த ஒரு காட்சி மாற்றி எழுதுகிறது. ஆதார் அட்டையில் 666ஐத் தேடும் துண்டுப் பிரசுரங்கள் இந்த இரண்டு அதிகாரங்களையும் தொடுவதே இல்லை, கவனித்தாயா?

'எல்லாம் உருவகம் என்றால் விண்ணகமே கற்பனையா, மாமா?' என்று கேட்பாய். நம் ஏலாக்குறிச்சியோடு பிரிக்க முடியாத பெயர் வீரமாமுனிவர். அவரைக் கொண்டே பதில் சொல்கிறேன். தேம்பாவணியின் நாட்டுப் படலத்தில் யூதேயாவைக் காவிரி நாடு போல நீரும் நெல்லும் நிறைந்த நாடாகப் பாடினார். யூதேயாவில் நெல் விளைந்தது என்று அதைக் காட்டி எவரும் வாதிடுவதில்லை. முனிவர் பொய் சொன்னார் என்றும் சொல்வதில்லை. வளம் என்றால் தமிழனுக்கு எது கண்ணில் தெரியுமோ அதைக் கொண்டு பாடினார். அதே காப்பியம் சூசையப்பர் விண்ணகத்தில் முடிசூடும் படலத்தோடு முடிகிறது. ஒரு தச்சனுக்கு முடி! யோவானும் அப்படித்தான்: எசாயா, எசேக்கியேல், தானியேல் மூவரின் சொற்களையும் ரோமை அரசவையின் சடங்குகளையும் எடுத்துக்கொண்டு, சொல்லில் அடங்காத ஒன்றைச் சொன்னார். உருவகம் என்று ஒப்புக்கொள்வதால் அது காட்டும் உண்மை குறைந்துவிடாது.

புதிய உலகில் கடல் இராது என்று 21ஆம் அதிகாரம் சொல்வதையும் இப்படியே வாசி. பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் பின்வாங்கிய மண் நம்முடையது. பெரம்பலூர்ப் பக்கம் காரையில் கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்கள் மண்ணோடு மண்ணாகக் கிடக்கின்றன. அந்த மண்ணில் பிறந்தவன் இதை நிலவியல் செய்தி என்று எடுத்துக்கொள்ளலாமா? 13ஆம் அதிகாரத்தில் விலங்கு ஏறி வருவது அந்தக் கடலிலிருந்துதான். 18இல் ரோமைக்குச் சரக்கு ஏற்றிய கப்பல்கள் ஓடுவதும் அந்தக் கடலில்தான். அந்தச் சரக்குப் பட்டியலை நிதானமாகப் படி: பொன், முத்து, பட்டு, யானைத்தந்தம், கோதுமை என்று போய்க் கடைசியில் அடிமைகளில், மனித உயிர்களில், வந்து நிற்கும்.

விண்ணகத்தைப் பற்றிப் பேசியே மக்களின் கண்ணைக் கட்டிவிட்டார்கள் என்று உன் நண்பர்கள் சொல்வார்கள். அப்படி நடந்ததுண்டு, மறுக்க மாட்டேன். ஆனால் அந்தப் பட்டியலை எழுதியவரும் விண்ணகத்தைக் கண்டவரும் ஒருவரே. நீதி இல்லாத இடத்தில் ஒலிக்கும் பாடலைக் கடவுள் கேட்க மாட்டார் என்று ஆமோஸ் அவருக்கு முன்பே சொல்லிவிட்டார். ஆகவே விண்ணக வழிபாடுதான் நம் வழிபாட்டுக்கு உரைகல். ஏழாம் அதிகாரத்தில் எல்லாக் குலத்தாரும் எல்லா மொழியினரும் ஒரே கூட்டமாக நிற்கிறார்கள். நம் நாட்டிலோ வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு பக்கமாக இரண்டு கிளையாய்க் கோவில் கட்டினார்கள். மக்கள் அதைக் கால்சட்டைக் கோயில் என்றே அழைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டில்தான் அந்தப் பிரிப்பு ஒழிந்தது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறையைச் சாதிப்படி பிரித்த சுவரைப் பற்றி நீயே கேள்விப்பட்டிருப்பாய். பலிபீடத்தருகே 'தூயவர்' பாடிவிட்டுக் கல்லறையில் சுவர் எழுப்பியவர்கள், எசாயா அரியணை முன் கேட்ட அந்தப் பாடலின் பாதியைத்தான் பாடினார்கள். அதைக் கேட்டதும் எசாயா செய்த முதல் வேலை, தன் உதடும் தன் மக்களின் உதடும் தூய்மையற்றவை என்று அறிக்கையிட்டது.

வரும் ஞாயிறு திருப்பலிக்குப் போகுமுன் எசாயா 6, எசேக்கியேல் 1, தானியேல் 7, திருவெளிப்பாடு 4, 5 ஆகியவற்றை இதே வரிசையில் ஒரே மூச்சில் சத்தமாக வாசித்துவிடு. ஆமோஸ் 5ஐயும் விடாதே. விளக்கவுரைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாமா