இனம் இனத்தோடே

சென்னைக் கடற்கரை நிலையத்திற்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931ஆம் ஆண்டில். அந்நாளில் அவ்வழியின் இருபுறமும் பெரும்பாலும் வயலும் தோப்பும் ஏரியுமாகவே காட்சியளித்தன. 1937ஆம் ஆண்டில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரின் நெருக்கடியை விட்டுத் தாம்பரத்துக் காட்டு நிலத்திற்குக் குடிபெயர்ந்தது. பின்னர்க் குரோம்பேட்டை, சிட்லபாக்கம், சேலையூர், பெருங்களத்தூர் எனப் பல ஊர்கள் வளர்ந்து ஒன்றோடொன்று கலந்தன. நெல் விளைந்த நிலம் மனையாயிற்று. ‘எத்தனை மரக்கால் விதைப்பாடு?’ என்று கேட்டவர்களின் பேரர்கள், ‘எத்தனை கிரவுண்டு?’ என்று கேட்கலாயினர். 2,400 சதுர அடி கொண்டது ஒரு கிரவுண்டு என்பது இப்பகுதிச் சிறுவர்க்கும் தெரிந்த கணக்கு.

இத்தகைய ஊரில் பயிலும் மாணவன் ஒருவன் இயற்கணிதப் பாடத்தைக் கண்டு மருள்கிறான். ‘எண்களைக் கூட்டலாம், எழுத்துகளை எவ்வாறு கூட்டுவது?’ என்பது அவன் ஐயம். அந்த ஐயத்தைத் தீர்க்க அவன் தொலைவில் செல்ல வேண்டுவதில்லை. அவன் தெருவிலேயே விடை இருக்கிறது.

சேலையூரில் அண்ணன் தம்பியர் இருவர்க்கு நிலம் இருப்பதாகக் கொள்க. மனைகள் எல்லாம் ஒரே அளவுள்ள சதுரங்கள். ஆனால் ஒரு பக்கம் எத்தனை அடி என்பது இன்னும் அளக்கப்படவில்லை. அறியாத அந்த எண்ணை ‘ப’ என்னும் எழுத்தால் குறிப்போம். ‘ப’ என்பது மனை அன்று. மனையின் பக்கத்தில் உள்ள அடிகளின் எண்ணிக்கை. எழுத்து ஒரு பொருளின் பெயர் அன்று, ஓர் எண்ணின் பெயர் என்னும் இவ்வுண்மையை மறந்தவர்க்கே இயற்கணிதம் இருளாகத் தோன்றும்.

அண்ணனுக்குச் சதுர மனைகள் மூன்று; ப அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ள தோட்டம் ஒன்று; கிணற்றைச் சுற்றி 400 சதுர அடி. ஆகவே அவருடைய நிலம் 3ப² + 20ப + 400 சதுர அடி. தம்பிக்குச் சதுர மனைகள் இரண்டு. அதே நீளமும் 30 அடி அகலமும் உள்ள தோட்டம் ஒன்று. மாட்டுக்கொட்டில் 150 சதுர அடி. அவருடைய நிலம் 2ப² + 30ப + 150 சதுர அடி. இவ்வாறு பல உறுப்புகள் கோத்து அமைந்ததைப் பல்லுறுப்புக் கோவை என்பர். உறுப்பின் முன் நிற்கும் எண் அதன் கெழு. எழுத்தின் மேல் சிறியதாய் நிற்கும் எண் அதன் அடுக்கு.

இருவர் நிலத்தையும் ஒன்று சேர்த்தால் எவ்வளவு? மூன்று சதுர மனைகளோடு இரண்டு சதுர மனைகளைச் சேர்த்தால் ஐந்து. 20 அடி அகலத் தோட்டத்தோடு 30 அடி அகலத் தோட்டத்தைச் சேர்த்தால் 50 அடி அகலம். 400உடன் 150ஐச் சேர்த்தால் 550. மொத்தம் 5ப² + 50ப + 550. எழுத்தும் அடுக்கும் ஒன்றாக உள்ள உறுப்புகளே ஒத்த உறுப்புகள்; அவற்றின் கெழுக்களைக் கூட்டினால் போதும். எழுத்தும் அடுக்கும் மாறுவதில்லை. ‘இனம் இனத்தோடே, வெள்ளாடு தன்னோடே’ என்னும் பழமொழி இங்கே கணித விதியாகவே நிற்கிறது.

இவ்விதி வெறும் கட்டளை அன்று. அதற்குக் காரணம் உண்டு. சிலர் 3ப²ஐயும் 20பவையும் சேர்த்து 23ப³ என எழுதிவிடுவர். அது பிழை என்பதை அறிய ஆசிரியரை நாட வேண்டா. பக்கம் 40 அடி என்று கொண்டு பார்த்தால் போதும். 3ப² என்பது 4,800. 20ப என்பது 800. இரண்டும் சேர்ந்து 5,600. பிழையாக எழுதிய 23ப³ஓ 14,72,000 ஆகிறது! அண்ணனுடைய நிலம் முழுவதும் 4,800 + 800 + 400, அதாவது 6,000 சதுர அடியே, இரண்டரைக் கிரவுண்டு. இரண்டரைக் கிரவுண்டுக்குள் 14 இலட்சம் சதுர அடி அடங்குமோ? சரியான விடையையும் அவ்வாறே சோதிக்கலாம். தம்பியின் நிலம் 3,200 + 1,200 + 150, அதாவது 4,550. இருவர் நிலமும் 10,550. கூட்டிக் கண்ட கோவையும் 8,000 + 2,000 + 550 என அதே 10,550ஐத் தருகிறது. எழுத்துக்கு ஓர் எண்ணைக் கொடுத்துச் சரிபார்ப்பது மாணவன் கையில் உள்ள உரைகல். அதில் பொருந்தாத விடை நிச்சயமாகப் பிழை.

இக்கூட்டல் புதியதும் அன்று. 345 என்னும் எண், 10ஐ ‘ப’ எனக் கொண்டால் 3ப² + 4ப + 5 என்பதே. 281 என்பது 2ப² + 8ப + 1. கூட்டினால் 5ப² + 12ப + 6; அதாவது 500 + 120 + 6 = 626. தொடக்கப் பள்ளியில் ஒன்றின் கீழ் ஒன்றையும், பத்தின் கீழ்ப் பத்தையும், நூறின் கீழ் நூறையும் எழுதியபோதே மாணவன் ஒத்த உறுப்புகளைக் கூட்டப் பழகிவிட்டான். வேறுபாடு ஒன்றுதான். எண் கூட்டலில் பன்னிரண்டு பத்துகள் ஒரு நூறும் இரண்டு பத்துமாக மாறும். கோவையில் ‘ப’ இன்ன எண் என்று தெரியாமையால் 12ப அவ்வாறே நிற்கும். மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த இடத்திற்குக் கொண்டுசெல்லும் வேலை இதில் இல்லை. ஆதலின் கோவைக் கூட்டல் எண் கூட்டலினும் எளிது.

இந்த அறிவு நம் நாட்டில் மிகப் பழமையானது. கி.பி. 628இல் நூல் இயற்றிய பிரமகுப்தர், மிகை எண்ணைச் செல்வமாகவும் குறை எண்ணைக் கடனாகவும் கொண்டு விதிகள் வகுத்தார். 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாஸ்கரர் தம் பீஜகணிதத்தில், ஒரே இனத்தவற்றையே கூட்டவும் கழிக்கவும் வேண்டும் என்றும், வேறு இனத்தவை தனித்தனியே நிற்கும் என்றும் விளக்கினார். அறியாத எண்ணை அக்காலத்தார் ‘எவ்வளவோ அவ்வளவு’ என்னும் பொருள்படும் வடசொல்லால் குறித்தனர். அறியாதவை பலவாயின், கருமை, நீலம், மஞ்சள் என நிறங்களின் பெயர்களை இட்டனர். கறுப்பு கறுப்போடும் நீலம் நீலத்தோடும் சேர்வதைக் காண்பவர்க்கு விதி தானே விளங்கும் அன்றோ?

கூட்டலில் தடுமாறாதவரும் கழித்தலில் தடுமாறுவதுண்டு. சாலையை அகலப்படுத்துவதற்காக அண்ணனுடைய நிலத்தில் ஒரு பகுதி எடுக்கப்படுகிறது என்று கொள்க. ஒரு சதுர மனையும், தோட்டத்தில் 5 அடி அகலமும் எடுக்கின்றனர். ஆயினும் அம்மனையின் மூலையிலுள்ள 100 சதுர அடி மோட்டார் அறையை அவருக்கே விட்டுவிடுகின்றனர். எடுத்த நிலம் ப² + 5ப - 100. எஞ்சிய நிலம் எவ்வளவு?

விரைந்து செய்யும் மாணவன் ப²ஐக் கழிக்கிறான், 5பவைக் கழிக்கிறான், பிறகு 100ஐயும் கழித்துவிட்டு, விடை 2ப² + 15ப + 300 என்கிறான். கழித்தற்குறி அடைப்புக்குள் உள்ள ஒவ்வோர் உறுப்புக்கும் உரியது என்பதை அவன் மறந்தான். எடுத்த நிலத்தில் 100 குறைவு என்றால், எஞ்சிய நிலத்தில் 100 மிகுதி என்பதே பொருள். கடனை நீக்குவது செல்வத்தைக் கூட்டுவதற்கு ஒப்பாகும். ஆகவே கழிக்கப்படும் கோவையின் குறிகளை எல்லாம் மாற்றி, -ப² - 5ப + 100 என எழுதி, பின்னர்க் கூட்ட வேண்டும். சரியான விடை 2ப² + 15ப + 500.

பக்கம் 40 அடியாயின், எடுத்த நிலம் 1,700. எஞ்சியது 4,300 சதுர அடி. பிழையான விடையோ 4,100 என்கிறது. ஒரு சிறு குறியை மாற்ற மறந்ததனால் 200 சதுர அடி மறைந்துவிட்டது! குடியிருக்கும் ஓர் அறையின் அளவு அது. பள்ளித்தாளில் இப்பிழைக்கு ஒரு மதிப்பெண் போகும். பத்திரத்தில் நேர்ந்தால் ஒரு குடும்பத்தின் நிலம் போகும்.

இவ்வளவு எளிய செயலிலிருந்து எவ்வளவு உயரம் செல்லலாம் என்பதற்கும் இப்பகுதியிலேயே சான்று உண்டு. 1932இல் காஞ்சிபுரத்தில் பிறந்த சி. எஸ். சேஷாத்ரி, தாம்பரத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள செங்கற்பட்டில் பள்ளிக் கல்வி பெற்றார். சென்னை இலயோலாக் கல்லூரியில் பயின்று, 1953இல் பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். 1955இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் செர் என்பார் பல்லுறுப்புக் கோவைகளைப் பற்றி ஓர் அரிய வினாவை எழுப்பினார். கோவைகளையே கெழுக்களாகக் கொண்டு அமையும் ஒருவகைத் தொகுதிகள் எல்லாம் மிக எளிய அடிப்படை வடிவினவா என்பது அவ்வினாவின் சாரம். இரண்டு மாறிகளைக் கொண்ட கோவைகளுக்கு ‘ஆம்’ என்று 1958இல் நிறுவியவர் சேஷாத்ரி. அப்போது அவர்க்கு வயது 26. மாறிகள் எத்தனையாயினும் விடை ‘ஆம்’ என்பதை 1976இல் அமெரிக்காவின் குவில்லனும் சோவியத் நாட்டின் சுஸ்லினும் தனித்தனியே நிறுவினர்.

சேஷாத்ரி 1984இல் சென்னைக்குத் திரும்பினார். தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றினார். 1989இல் அவர் தொடங்கிய கணிதப் பள்ளியே பின்னர்ச் சென்னைக் கணிதவியல் நிறுவனமாக வளர்ந்து, 2005இல் சிறுசேரியில் தனக்கென வளாகம் பெற்றது. கருநாடக இசையிலும் வல்லவராய் விளங்கிய அவர் 2020இல் மறைந்தார். அவர் ஆராய்ந்த தொகுதிகளிலும் முதற்படி கூட்டலே. செங்கற்பட்டுப் பள்ளியில் அவர் கற்ற கூட்டலும், இன்று தாம்பரத்துப் பள்ளியில் ஒரு மாணவன் கற்கும் கூட்டலும் ஒன்றே.

ஒத்தவற்றை இனம் கண்டு சேர்த்தல், ஒவ்வாதவற்றைத் தனியே நிறுத்தல், ஒவ்வொரு குறியையும் மதித்தல், முடிவை எண்ணிட்டுச் சோதித்தல் ஆகிய இந்நான்கையும் கைக்கொண்டவனுக்குக் கோவைகள் எத்துணை நீளமாயினும் அச்சம் இல்லை. எழுத்தைக் கண்டு மருண்ட மாணவன், அதன் பின்னே நிற்கும் எண்ணைக் கண்டபோது தெளிவு பெறுகிறான்.