நெஞ்சுக்கு ஒரு சூடு, தொடைக்கு ஒரு சூடு

டிசம்பர் வந்துவிட்டால் கொல்கத்தாவுக்கு பிக்னிக் ஜுரம். நியூ டவுன் அடுக்ககங்களில் குடியிருக்கும் எங்கள் தமிழ்க் கூட்டமும் அடுப்பும் கரியுமாகக் கிளம்பிவிடும். கிறிஸ்துமஸ் நெருங்கினால் பிரியாணிக்குப் போட்டியாக வான்கோழி வந்துவிடும். 1874-இல் திறந்த நியூ மார்க்கெட்டின் கறிக்கடைகளில் முன்கூட்டியே சொல்லி வைத்தால் கிடைக்கும். வீட்டு ஓவனில் முழுப் பறவை நுழையாது என்பதால் வெளியில் விதவிதமாகச் சமைத்துப் பார்க்கிறோம்.

எந்த முறையானாலும் நான் கேட்பது ஒன்றுதான்: நெஞ்சுக்கறி என்ன ஆகும்? அதில் கொழுப்பு குறைவு. உள்சூடு 74 டிகிரி செல்சியஸ் வந்ததும் இறக்கிவிட வேண்டும், விட்டால் சக்கைதான். தொடையோ சவ்வு நிறைந்தது, 80-ஐத் தாண்டினால்தான் மெத்தென்று ஆகும்.

டிரம்: அமெரிக்காவில் இரும்புக் குப்பைத்தொட்டியைக் கவிழ்த்துச் செய்வார்கள். தரையில் கம்பி நட்டு, கால்கள் கீழே இருக்கும்படி பறவையை நிறுத்தி, டிரம்மால் மூடி, சுற்றிலும் உச்சியிலும் கங்கு குவிக்க வேண்டும். அடியில் கங்கை அதிகமாகவும் உச்சியில் குறைவாகவும் வைத்தால் தொடைக்குக் கூடுதல் சூடு கிடைக்கும். 4 கிலோ பறவை சுமார் இரண்டு மணி நேரத்தில் தயார். துத்தநாகம் பூசிய வாளி, தொட்டி எதுவும் கூடாது; சூடேறினால் நச்சுப்புகை வரும். பெயின்ட் அடித்த டிரம் என்றால் முதலில் வெறுமனே எரித்துத் தேய்த்துக் கழுவுங்கள்.

விரித்துச் சுடுதல்: முதுகெலும்பை வெட்டியெடுத்துப் பறவையைத் தட்டையாக விரியுங்கள். கங்கை ஒரு பக்கம் ஒதுக்கி, தொடையை அந்தப் பக்கமும் நெஞ்சை எதிர்ப்பக்கமும் வையுங்கள். செலவில்லாத முறை இது.

குழியில் புதைத்துச் சுடுதல்: நியூ டவுனில் வேண்டாம். வயலும் மீன் வளர்க்கும் பேரிகளும் இருந்த ராஜர்ஹாட் மண்ணில் எழுந்த ஊர் இது. கொஞ்சம் தோண்டினாலே ஈரம். பாதி நெருப்பு மண்ணைக் காயவைக்கவே போய்விடும்.

சட்டியும் இலையும்: எனக்குப் பிடித்தது இதுதான். தொடை, கால்களைத் துண்டுபோட்டு, கடுகெண்ணெய், முழுப்பூண்டு, மசாலாவோடு சம்பாரண் மட்டன் பாணியில் மண்சட்டியில் போட்டு, மூடியைச் சுற்றி மாவு ஒட்டிக் கங்கில் வையுங்கள். திறக்காமல் அவ்வப்போது சட்டியைக் குலுக்கினால் போதும். நெஞ்சை விரல் கனத்துக்கு நறுக்கி, அரைத்த கடுகும் பச்சைமிளகாயும் தடவி, வங்காளத்துப் பாத்துரிபோல வாழையிலையில் மடித்துத் தோசைக்கல்லில் போடுங்கள். இலை கருகி ஓரம் சுருளும். பொட்டலத்தை அழுத்தினால் கறி கெட்டியாகத் தாங்கும். அப்போது ஒன்றைப் பிரித்து, வெப்பமானியைக் குத்தி 74 டிகிரி வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு மற்றதை இறக்குங்கள்.

எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சில:

- உறைந்த பறவையென்றால் 2 கிலோவுக்கு ஒரு நாள் வீதம் ஃபிரிட்ஜிலேயே உருகவிடுங்கள்.
- கிலோவுக்கு இரண்டு டீஸ்பூன் தூளுப்பு தடவி முந்தைய இரவே ஊறவையுங்கள்.
- முழுப் பறவையை எண்ணெயில் பொரிக்கும் முறையை நான் தொடுவதில்லை. உள்ளே கொஞ்சம் பனிக்கட்டி இருந்தாலும் எண்ணெய் பொங்கித் தீப்பிடிக்கும்.
- பால்கனியில் கரி மூட்டாதீர்கள். மொட்டைமாடி என்றால் குடியிருப்போர் சங்கத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.
- வெப்பமானியை எலும்பில் படாமல் தொடையின் தடித்த பகுதியில் குத்துங்கள். நெஞ்சையும் தனியாகப் பாருங்கள்.

முழுப் பறவை போட்டோவுக்கு அழகு. ஆனால் பந்தியில் முதலில் காலியாவது சட்டிதான்.