தறிவீட்டுக் கோழிக்குச் செள்ளு வந்தா...

"கோழிங்க ஒண்ணுகூடக் கூண்டுக்குள்ள போகமாட்டேங்குதுக்கா, முருங்கை மரத்துல ஏறி உக்காந்துக்குது"ன்னு நேத்து போன்ல சொன்னே பாரு, அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. கீரிப்பிள்ளை வந்து பயமுறுத்தியிருக்கும்னு உங்க மாமியார் சொல்றது இருக்கட்டும். கூண்டுல செள்ளு சேர்ந்திருக்கு. பகல்ல பார்த்தா ஒண்ணும் தெரியாது. இன்னிக்கு ராத்திரி 9 மணிக்கு மேல டார்ச் எடுத்துக்கிட்டுப் போ. கோழி உக்கார்ற கொம்போட அடிப்பக்கத்தை ஒரு வெள்ளைத் துணியால அழுத்தித் தேய். துணியில சிவப்பா கோடு இழுத்தா, அது உன் கோழியோட ரத்தம்தான். செள்ளு குடிச்சிட்டு அங்க பதுங்கியிருக்குது.

மருந்து வாங்க ஓடுறதுக்கு முன்னாடி, வந்திருக்கிறது எதுன்னு தெரிஞ்சுக்கோ. இந்தச் சிவப்புச் செள்ளு கோழிமேல குடியிருக்காது. மூங்கில் இடுக்குல, ஆணி ஓட்டையில, சாக்கு மடிப்புல இருந்துக்கிட்டு, ராத்திரி வந்து குடிச்சிட்டுப் போயிடும். பேன் அப்படி இல்ல. பொறந்ததுலேர்ந்து சாகுற வரைக்கும் கோழிமேலதான். கோழியைத் தலைகீழா பிடிச்சு, பின்பக்கத்து இறகை விலக்கிப் பாரு. வைக்கோல் நிறத்துல ஓடும், இறகோட அடியில வெள்ளை வெள்ளையா முட்டை அப்பியிருக்கும். அதே இடத்துல இறகு கறுத்து அழுக்கா இருந்து, பொடிப்பொடியா ஏதாவது ஊர்ந்தா, அது உடம்புலயே தங்குற வேற ஜாதிச் செள்ளு. பேன் இருந்தா கோழிக்கு வைத்தியம். சிவப்புச் செள்ளு இருந்தா கூண்டுக்கு வைத்தியம். நம்ம ஊர்ல பாதிப் பேர் கூண்டைத் தொடாம கோழியையே பிடிச்சுக் குளிப்பாட்டிக்கிட்டு இருப்பாங்க.

இப்ப நம்ம வீட்டுச் சங்கடத்துக்கு வரேன். ஊர்ல மத்தவங்க செய்யறதை எல்லாம் தறி ஓடுற வீட்ல செய்ய முடியாது. கந்தகப் பொடி தூவினா பேன் போயிடும்னு யாராவது சொல்வாங்க. போகும்தான். ஆனா கந்தகம் பட்டா வெள்ளி கறுத்துடும். நம்ம ஜரிகையில தங்கம் மேல் முலாம்தானே, உள்ள வெள்ளிக் கம்பிடி! எனக்கு இது படிச்சுத் தெரிஞ்சதில்ல. ஒரு மழைக்காலத்துல கந்தக டப்பாவையும் ஜரிகைச் சுருளையும் ஒரே அலமாரியில வெச்சுட்டேன். சுருள் கறுத்து, அந்தக் காசைக் கூலியில பிடிச்சுக்கிட்டாங்க. பிளீச்சிங் பவுடரும் வேணாம். ஜரிகைக்கும் ஆகாது, பட்டு நூலையும் அரிச்சுடும். வேப்பெண்ணெய் நல்லதுதான், ஆனா அந்தக் கையோட பாவைத் தொட்டா கறை. அதனால வாரத்துல ஒரு நாளைக் கோழிக்குன்னு வெச்சுக்கோ. பாவு மாத்தற நாளா இருந்தா நல்லது. தறிப்பக்கத்து ஜன்னலைச் சாத்து, தறிமேல பழைய வேட்டியைப் போர்த்து, கொல்லையில வேலை செய். முடிஞ்சதும் குளிச்சிட்டு உள்ள வா.

கூண்டு வேலையை நல்ல வெயில் நாள்ல வெச்சுக்கோ. உள்ள இருக்கிற வைக்கோல், சாக்கு எல்லாத்தையும் கொளுத்திடு. குப்பையில போட்டா திரும்பி வந்துடும். எச்சத்தைச் சுரண்டிட்டு, கொதிக்கிற தண்ணியை ஒவ்வொரு இணைப்புலயும், மூங்கில் வாய்லயும், ஆணி ஓட்டையிலயும் ஊத்து. காஞ்சதும் சுண்ணாம்பைக் கெட்டியா கரைச்சு, இடுக்கு அடையற மாதிரி பூசு. கண்ணுல தெறிக்காம பார்த்துக்கோ. சுண்ணாம்பு நல்லா காயற வரைக்கும் கோழியை உள்ள விடாதே. கொம்போட ரெண்டு முனையிலயும் வேப்பெண்ணெய் தடவிடு.

இதோட முடிஞ்சுதுன்னு நினைச்சுடாதே. நம்ம வெயிலுக்கு முட்டை பொரிஞ்சு, வளர்ந்து, திரும்ப முட்டை வைக்க ஒரு வாரம் போதும் அதுக்கு. அதனால 7-ஆம் நாள் ஒரு தடவை, 14-ஆம் நாள் இன்னொரு தடவை கொதிதண்ணி ஊத்தணும். கோழியை எல்லாம் வித்துட்டுக் கூண்டை ரெண்டு மாசம் காலியா போட்டா செத்துடும்னு உங்க வீட்டுக்காரர் சொன்னாராமே? குடிக்க ரத்தமே இல்லாம மாசக்கணக்குல உயிரோட கிடக்கும் அது.

கோழி உடம்புல பேன் இருந்தா ஒரு மூலிகைத் தெளிப்பு இருக்கு. தஞ்சாவூர்ப் பக்கம் பேராசிரியர் புண்ணியமூர்த்தி மாட்டு உண்ணிக்குன்னு பரப்பின முறை. நான் கோழிக்கும் செய்யறேன். பூண்டு 10 பல், வேப்பிலை ஒரு கைப்பிடி, வேப்பம்பழம் ஒரு கைப்பிடி, வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம், துளசி ஒரு கைப்பிடி, உண்ணிச்செடி இலை ஒரு கைப்பிடி. அரைச்சு, 1 லிட்டர் தண்ணியில கரைச்சு, வடிகட்டித் தெளிக்கணும். (வசம்பைப் பாட்டி 'பேர் சொல்லாதது'ன்னுதான் கேப்பாங்க, ஞாபகம் இருக்கா? கடையில நீயும் அப்படிக் கேட்டா இப்ப இருக்கிற பையன் முழிப்பான்.) வெயில் ஏறினப்புறம் தெளி, சாயங்காலத்துக்குள்ள கோழி காஞ்சிடணும். இறக்கைக்கு அடியிலயும் பின்பக்கமும் படணும், கண்ணுல படக்கூடாது. உண்ணிச்செடி உள்ள போனா விஷம், அதனால தண்ணித் தொட்டி பக்கத்துல வெச்சுக்கிட்டுத் தெளிக்காதே. வாரம் ஒண்ணா மூணு வாரம் செய். அப்பவும் அடங்கலேன்னா கால்நடை மருந்தகத்துல கேட்டு, அவங்க சொல்ற மருந்தை அவங்க சொல்ற அளவுல கலக்கு. வயலுக்கு அடிச்சு மிஞ்சின பூச்சி மருந்தை மட்டும் தொடவே தொடாதே. முட்டை சாப்பிடறது உன் பிள்ளைங்க.

கோழி தன் பேனைத் தானே பார்த்துக்க ஒரு இடம் வேணும். வீடு கட்டி மிஞ்சின மணல் கிடக்கு இல்ல, அதுல ரெண்டு பங்குக்கு ஒரு பங்கு விறகடுப்புச் சாம்பல் கலந்து, மழை படாத மூலையில ஒரு பழைய டயருக்குள்ள கொட்டிவை. புரண்டுக்கும்.

சேவலுக்குக் கால் செதில் தூக்கிக்கிட்டு, சுண்ணாம்பு அப்பின மாதிரி இருக்குன்னியே, அதுவும் செள்ளுதான். செதிலுக்கு அடியில குடையற ஜாதி. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியில காலை ஊறவெச்சு, பழைய டூத் பிரஷ்ஷால மெதுவா தேய்ச்சுட்டு, வாசலின் கெட்டியா பூசு. செதிலைப் பிய்க்காதே, ரத்தம் வரும். மண்ணெண்ணெய் தடவச் சொல்வாங்க, நானும் ஒரு தடவை தடவி, கால் வெந்து, பாவம் நொண்டிக்கிட்டே திரிஞ்சது. வாரம் ரெண்டு தடவை வாசலின் பூசு. புதுச் செதில் வர மாசக்கணக்கு ஆகும்.

அடுத்தது குடற்புழு. தீனி நல்லா தின்னும், ஆனா நெஞ்செலும்பு கத்தி மாதிரி துருத்தும். கொண்டை வெளுக்கும், முட்டை குறையும். எச்சத்துல அரிசிப் பொட்டு மாதிரி கிடந்தா நாடாப்புழு. அடுத்த தடவை கோழி அறுக்கும்போது குடலைத் தூக்கிப் போடாம நீளவாக்குல கீறிப் பாரு. விரல் நீளத்துக்கு வெள்ளையா நூல் மாதிரி இருந்தா உருண்டைப்புழு. அதைவிடச் சுலபம், காலையில ஒரு சின்ன டப்பாவுல புது எச்சத்தை எடுத்துக்கிட்டுப் போய் மருந்தகத்துல கொடுத்தா, மைக்ராஸ்கோப்புல புழு முட்டை இருக்கான்னு பார்த்துச் சொல்வாங்க.

செள்ளுக்கு மூலிகை சொன்னவளே சொல்றேன், புழுவுக்குப் பூண்டையும் பாகற்காயையும் மட்டும் நம்பாதே. நிறைய சேர்ந்துட்டா மருந்துதான். அதுவும் ரெண்டு புழுவுக்கும் ஒரே மருந்து கேக்காது: பைப்பரசின் உருண்டைப்புழுவுக்கு மட்டும், நாடாப்புழு அதுக்கு அசையாது. அதனாலதான் எச்சத்தைக் காட்டச் சொல்றேன். பிப்ரவரி 10-ஆம் தேதி பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்குக் கொடுக்கிற ஆல்பெண்டசோல் மாத்திரையை உடைச்சுக் கோழிக்குப் போட்டுடாதே. மருந்து பேர் ஒண்ணுதான், ஆனா அது 400 மில்லிகிராம். உன் கோழி ஒன்றரைக் கிலோ. எடை சொல்லி அளவு கேளு, எத்தனை நாள் முட்டை சாப்பிடக்கூடாதுன்னும் அங்கயே கேளு. எல்லாக் கோழிக்கும் ஒரே நாள், காலையில தீனிக்கு முன்னாடி. அடுத்த ரெண்டு நாள் எச்சத்தைக் கூட்டி எடுத்துக் குழியில மூடு. கழிச்சல் தடுப்பூசி போடறதா இருந்தா, அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே புழு மருந்தை முடிச்சிடு.

இன்னொண்ணு. புழு முட்டை ஈர மண்ணுல ரெண்டு வாரத்துல பக்குவமாகி, கோழி கொத்தறதுக்குத் தயாராயிடும். உங்க வீட்ல கஞ்சித் தண்ணி, சாயத் தண்ணி எல்லாம் கொல்லைக்குத்தானே போகுது? மழையில தறிக்குழியிலயே தண்ணி ஊறுற தெரு அது, கொல்லை எப்படிக் காயும்! தண்ணியை ஒரு ஓரமா வாய்க்கால் கீறி விடு. தீனியை மண்ணுல வாரி இறைக்காம தட்டுல வை. எறும்பு, வண்டு சேர்ற இடத்துல நாடாப்புழுவும் சேரும். அதுங்க வயித்துல இருந்துதான் கோழிக்குப் போகுது.

எல்லாத்துக்கும் முன்னாடி, அடையில உக்காந்திருக்கே அந்தக் கறுப்பி, அதைப் பாரு. 21 நாளும் தீனிக்குத் தவிர எழுந்திருக்காம உக்காந்திருக்கிறதால செள்ளுக்கு அதுதான் விருந்து. தாங்காம எழுந்து ஓடிடுச்சுன்னா முட்டை அத்தனையும் கூமுட்டை. 14 நாள் ஆச்சுன்னு சொன்னே. இன்னிக்கு இருட்டினதும் வேற கூடையில புது வைக்கோலைப் போட்டு, அடியில காஞ்ச வேப்பிலை, நொச்சி இலை பரப்பி, முட்டையைக் கதகதப்பு போறதுக்குள்ள மாத்தி, கறுப்பியைத் தூக்கி மேல உக்காரவை. பழைய கூடையை அப்பவே கொளுத்திடு.