பாஸில் 6,200 வெள்ளி, கையில் 4,400 வெள்ளி

கேள்வி: தஞ்சாவூர் மாவட்டத்துக்காரன் நான். பி.இ. முடித்துவிட்டு, சிங்கப்பூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் எம்ப்ளாய்மென்ட் பாஸில் மென்பொருள் பொறியாளராக வேலை பார்க்கிறேன். ஐ.பி.ஏ. (கொள்கையளவிலான ஒப்புதல்) கடிதத்தில் மாதச் சம்பளம் 6,200 வெள்ளி. அது ஒவ்வொரு மாதமும் வங்கிக் கணக்குக்கு வந்துவிடுகிறது. ஆனால் மறுநாளே 1,800 வெள்ளியை எடுத்து முதலாளியிடம் ரொக்கமாகத் திருப்பித் தர வேண்டும். ‘பாஸ் செலவு’ என்கிறார். 14 மாதங்களாகத் தருகிறேன். பாஸைப் புதுப்பிக்கும் நேரம் நெருங்குவதால் இனி 2,000 வேண்டும் என்கிறார். ஊரில் ஏஜென்டுக்கு 4 லட்சம் ரூபாய் கொடுத்தது தனி. கொடுத்த பணம் திரும்பக் கிடைக்குமா? இதே சம்பளத்தைக் காட்டி நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கலாமா? மனைவியை அழைத்து வரலாமா? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சிங்கப்பூர்

பதில்: மூன்று கேள்விக்கும் விடை, நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு விவரத்தில் இருக்கிறது. பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது பாஸுக்கு விண்ணப்பிக்கும் முன்பே உங்களுக்குத் தெரியுமா, இல்லை, வேலையில் சேர்ந்த பிறகுதான் கேட்டார்களா? நான்கு பக்கம் எழுதியவர் இதை மட்டும் சொல்லவில்லை.

சிங்கப்பூர் மனிதவள அமைச்சு இந்தப் பாஸைத் தருவதே, அறிவிக்கப்படும் சம்பளத்தைப் பார்த்துத்தான். 2025 ஜனவரி முதல் புதிய விண்ணப்பங்களுக்குக் குறைந்தபட்சம் 5,600 வெள்ளி. வயது கூடக்கூட வரம்பும் உயரும். அதற்கு முன்பு 5,000. 2023 செப்டம்பரில் வந்த ‘கம்பாஸ்’ புள்ளி முறையிலும் சம்பளத்துக்குத் தனிப் புள்ளி உண்டு. உங்கள் கையில் நிற்பதோ 4,400. பழைய வரம்பைக்கூட எட்டவில்லை. உண்மைத் தொகையை எழுதியிருந்தால் இந்தப் பாஸ் வந்தே இருக்காது.

சேர்ந்த பிறகு மிரட்டி வாங்கினார்கள் என்றால் நீங்கள் பாதிக்கப்பட்டவர். வேலை கொடுத்ததற்கோ, வேலையில் தொடர விடுவதற்கோ வெளிநாட்டு ஊழியரிடம் பணம் வாங்குவது அந்நாட்டின் வெளிநாட்டு மனிதவள வேலை நியமனச் சட்டம் 22ஏ பிரிவின்படி குற்றம். 30,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ‘பாஸ் செலவு’ என்று பெயர் வைத்தால் குற்றம் மாறிவிடாது.

முன்பே பேசி ஒத்துக்கொண்டிருந்தால் கதை வேறு. அமைச்சுக்குப் பொய்த் தகவல் தருவது அதே சட்டத்தில் தனிக் குற்றம்: 20,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அந்தக் கேள்வி முதலாளியோடு நிற்காமல் உங்களிடமும் வரலாம். அப்படியானால் அமைச்சுக்குப் போகும் முன் வழக்கறிஞரிடம் போங்கள். எது உண்மை என்று எனக்கு மறுகடிதம் எழுத வேண்டாம். பத்திரிகை அலுவலகத்துக்கு வரும் கடிதத்தை வழக்கறிஞருக்குச் சொன்ன ரகசியம்போல யாரும் காப்பாற்ற முடியாது.

இனி பணம். 14 மாதத்துக்கு 25,200 வெள்ளி. சம்பளத் தகராறுகளை முதலில் டி.ஏ.டி.எம். எனப்படும் முத்தரப்பு அமைப்பில் சமரசத்துக்குக் கொண்டுபோக வேண்டும். தீராவிட்டால் வேலை நியமன உரிமைகோரல் நடுவர் மன்றம். அங்கே உச்சவரம்பு 20,000 வெள்ளி, தொழிற்சங்கம் வழியாகப் போனால் 30,000. வழக்கறிஞர் உங்களுக்காக வாதாட முடியாது; நீங்களே பேச வேண்டும். கெடு கடுமையானது. வேலையில் இருப்பவர் பிரச்சினை எழுந்த 1 வருடத்துக்குள், வேலையை விட்டவர் கடைசி நாளிலிருந்து 6 மாதத்துக்குள் கேட்டாக வேண்டும். உங்கள் பணத்தைச் சம்பளப் பிடித்தமாக ஏற்பார்களா என்பது ஆதாரத்தைப் பொறுத்தது. ஏற்றாலும் முதல் இரண்டு மாதத் தொகை இந்நேரம் கைவிட்டுப் போயிருக்கக்கூடும்.

ஆதாரம் என்று பார்த்தால் என்ன வைத்திருக்கிறீர்கள்? ரசீது இல்லை. முதலாளி வாட்ஸ்அப்பில் அனுப்பியதை ‘பயத்தில் அழித்துவிட்டேன்’ என்கிறீர்கள். படித்த பொறியாளர் செய்கிற வேலையா இது? தங்கும் அறை வாடகைக்கு ரசீது கேட்பவர்கள், மாதம் 1,800 வெள்ளியை எண்ணிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறார்கள். உங்களைப் போன்றவர்களின் கடிதம் எனக்கு வராத மாதம் குறைவு. எல்லாக் கடிதமும் பாஸ் புதுப்பிக்கும் நேரத்தில்தான் வருகிறது, முதல் மாதத்தில் ஒருவரும் எழுதுவதில்லை! இப்போதாவது வங்கி அறிக்கை முழுவதையும் எடுங்கள். சம்பளம் ஏறிய மறுநாள் மாதாமாதம் அதே தொகை எடுக்கப்பட்டிருந்தால் அதுவே பேசும். ஐ.பி.ஏ. கடிதம், ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், மிச்சமிருக்கும் செய்திகள் எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்து, அலுவலக மின்னஞ்சலுக்கு வெளியே வையுங்கள். கொடுத்த தேதி, இடம், உடனிருந்தவர் என நினைவிருப்பதை இன்றே எழுதிவையுங்கள்.

கோபத்தில் ராஜினாமா கடிதம் நீட்டிவிடாதீர்கள். எம்ப்ளாய்மென்ட் பாஸ் அந்த முதலாளியோடு கட்டப்பட்டது. வேறு நிறுவனம் எடுத்துக்கொண்டாலும் அது புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பாஸ் ரத்தானால் பொதுவாக 30 நாள் குறுகியகால அனுமதிதான் கிடைக்கும்.

நிரந்தரவாசம் இப்போது வேண்டாம். அந்த விண்ணப்பத்தில் வேலை, சம்பள விவரத்தை முதலாளியும் உறுதி செய்ய வேண்டியிருக்கும். உங்களிடம் பணம் வாங்குகிறவரே 6,200 என்று எழுதித் தருவார், நீங்கள் அதைக் குடிநுழைவு ஆணையத்திடம் கொடுப்பீர்கள். இதுவரை உங்கள் பக்கம் தவறில்லை என்றே வைத்துக்கொண்டாலும், அதற்குப் பிறகு அப்படிச் சொல்ல முடியாது. மனைவிக்கான சார்ந்திருப்போர் பாஸும் இதே ரகம். அதற்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 6,000 வெள்ளி. தாளில் தேறுவீர்கள், உண்மையில் தேறமாட்டீர்கள்.

ஏஜென்ட் விஷயம் மட்டும் நம் ஊர்ச் சட்டத்துக்குள் வருகிறது. 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்றவரும் 30,000 ரூபாய்க்கு மேல், ஜி.எஸ்.டி. நீங்கலாக, சேவைக் கட்டணம் வாங்கக் கூடாது. அவர் பெயர் இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் காவல்துறைக்கும் ஊரிலுள்ள உங்கள் குடும்பத்தார் புகார் தரலாம், பணம் கைமாறியதற்கு ஏதாவது சான்று இருந்தால்.

நான் சென்னையில் வழக்கறிஞர் தொழில் செய்பவன். சிங்கப்பூர்ச் சட்டம் பற்றி இங்கே எழுதியது பொதுவான வழிகாட்டல். உங்கள் வழக்குக்கான ஆலோசனை ஆகாது. அடுத்த 1,800 வெள்ளியைக் கொடுக்கும் முன், புதுப்பிப்புத் தாளில் கையெழுத்திடும் முன், அங்கே தொழில் உரிமம் பெற்ற வேலை நியமனச் சட்ட வழக்கறிஞர் ஒருவரை எல்லாத் தாள்களோடும் நேரில் பாருங்கள். நான் கேட்ட அந்த முதல் கேள்விக்கு அவரிடம் மறைக்காமல் பதில் சொல்லுங்கள்.